மைசூரில் ஓர் அரசியல் வகுப்பு

மைசூரில் குடியிருக்கும் நம்ம தமிழ்க் குடும்பங்களில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "பிழைக்க வந்த இடம்ப்பா. அரசியல் கிரசியல்னு எதுலயும் தலையைக் குடுக்காதே." வேலை மாற்றலாகி இங்கே வந்தபோது தென்காசியிலிருந்து என் அப்பா எனக்குச் சொல்லி அனுப்பியதும் இதைத்தான். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது இந்த மாநிலத்தில் தமிழர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தபோது எங்கள் குடியிருப்பிலும் இரண்டு நாள் யாரும் வாசலில் நின்று தமிழில் சத்தமாகப் பேசவில்லை.

இந்தப் பின்னணியில் மூத்தவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறாள். ஒரு பருவம் டெல்லியில் தங்கி, எம்.பி. ஒருவரிடமோ ஏதாவது ஆய்வு நிறுவனத்திலோ பயிற்சி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதாம், போகட்டுமா என்று கேட்டாள். வீட்டில் பட்டிமன்றம் சூடு பிடித்தது. "அரசியலைப் புத்தகத்துல படிச்சாப் போதாதா?" என்று தங்கமணி எதிரணியில் நின்றார். நான் நடுவர். நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் முன் கொஞ்சமாவது விஷயம் தெரிய வேண்டுமே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பி.காமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கடைசியில் எல்லாம் வரவு செலவுக் கணக்கில் வந்து நின்றது! அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தலைநகரில் ஒரு பருவம்

மாணவர்களைத் தலைநகருக்கு அனுப்பி அரசியல் படிக்க வைக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்கா. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் யுனிவர்சிட்டி 1947ல் 'வாஷிங்டன் செமஸ்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல ஊர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கத் தலைநகரில் தங்குவார்கள். அரசாங்கத்தில் வேலை பார்ப்பவர்களிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், பயிற்சிக்குப் போவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். அந்தச் சட்டத்தை நிறைவேற்ற யார் யாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். இதுதான் அதன் அடிப்படை.

நம் நாட்டில் பி.ஆர்.எஸ். என்ற நாடாளுமன்ற ஆய்வு அமைப்பு 2010ல் 'லாம்ப்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. பட்டம் முடித்த இளைஞர் ஒருவர், ஒரு எம்.பி.யுடன் மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை வேலை செய்வார். கேள்வி தயாரிப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்பெடுப்பது மாதிரியான வேலைகள்.

இதெல்லாம் படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. தலைநகருக்குப் போய் அரசாங்கத்தை நேரில் பார்த்து அரசியல் பழகுவது என்பது இந்தியாவுக்குப் புதிசே இல்லை. அமெரிக்கத் திட்டத்துக்கு 66 வருஷம் முன்னாலேயே நான் தினமும் ஸ்கூட்டரில் போய் வரும் இதே மைசூரில் அது நடந்திருக்கிறது. மாணவர்களுக்கு அல்ல, ஊர்நாட்டு விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும். அந்த வகுப்பை ஆரம்பித்தவர் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்!

செங்கல்பட்டிலிருந்து வந்த திவான்

மைசூர் சமஸ்தானத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1799ல் திப்பு சுல்தான் விழுந்ததும் பிரிட்டிஷார் உடையார் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றினார்கள், தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு வந்தது. 1831ல் நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, பெங்களூரில் கமிஷனரை உட்கார வைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1881 மார்ச் 25ல், பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது முதல் திவானாக நியமிக்கப்பட்டவர் சி.வி. ரங்காசார்லு.

ரங்காசார்லு 1831ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். சென்னையில் படித்து, அரசாங்க குமாஸ்தாவாக ஆரம்பித்து, டெபுடி கலெக்டர்வரை உயர்ந்தவர். 1868ல் மைசூர் அரண்மனைக் கணக்கு வழக்குகளைச் சரிசெய்ய அழைத்து வரப்பட்டார். என் பாஷையில் சொன்னால், ஆடிட்டுக்கு வந்த அதிகாரி அங்கேயே மேனேஜராகிவிட்டார்.

அவர் கைக்கு வந்த கணக்குப் புத்தகம் எப்படி இருந்தது தெரியுமா? 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் இங்கேயும் கோரத்தாண்டவம் ஆடியிருந்தது. 1871 கணக்கெடுப்பில் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கு மேல். 1881ல் 42 லட்சத்துக்கும் கீழ். நிவாரணத்துக்காக வாங்கிய கடன் 80 லட்சம் ரூபாய். வருஷ வருமானமே ஏறக்குறைய ஒரு கோடிதான். அதிலிருந்து பிரிட்டிஷாருக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டிய கப்பம் 24.5 லட்சம். அதை 35 லட்சமாக உயர்த்தப் போவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது, கொஞ்ச காலத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரிக் கணக்கோடு யாராவது கிளைக்கு வந்து கடன் கேட்டால் நான் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இப்படி இருக்கிற நிலைமையில் பொதுவாக ஒரு நிர்வாகி என்ன செய்வார்? கணக்கை யார் கண்ணிலும் காட்டாமல் மூடி வைப்பார். ரங்காசார்லு தலைகீழாக ஒன்று செய்தார். பதவியேற்ற அஞ்சே மாதத்தில், 1881 ஆகஸ்ட் 25ல், ஓர் அரசாணை வந்தது. ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் ஒன்றிரண்டு நிலமுள்ள விவசாயிகள், மாவட்டங்களிலிருந்து முக்கியமான வியாபாரிகள் சிலர், வருஷத்துக்கு ஒருமுறை தசராவை ஒட்டிக் கூட வேண்டும். அரசாங்கம் போன வருஷம் என்ன செய்தது, அடுத்த வருஷம் என்ன செய்யப் போகிறது என்பதைத் திவானே அவர்கள் முன் சொல்வார். அவர்கள் தங்கள் ஊர்க் குறைகளைச் சொல்வார்கள். இதுதான் மைசூர் பிரதிநிதி சபை. கன்னடத்தில் 'ப்ரஜா ப்ரதிநிதி சபா'.

முதல் கூட்டம் 1881 அக்டோபர் 7ல் நடந்தது. 144 பேர். இந்திய சமஸ்தானங்களில் இப்படியொரு சபை கூடியது அதுதான் முதல் தடவை. காங்கிரஸ் கட்சி பிறந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, 1885ல். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நம்ம சென்னை மாகாண சட்டசபையில் உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவும் கேள்வி கேட்கவும் உரிமை வந்தது 1892 சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு 11 வருஷம் முன்னால், இங்கே ஒரு தாலுகா விவசாயி திவான் எதிரில் உட்கார்ந்து வருஷக் கணக்கைக் கேட்டிருக்கிறார்.

தசரா வகுப்பில் என்ன பாடம்?

தசரா நேரத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. ஊர் ஊராகப் பெரிய மனுஷர்கள் எப்படியும் அந்த நேரத்தில் அரண்மனை தர்பாருக்கும் வேடிக்கைக்கும் மைசூர் வருவார்கள். வந்த கையோடு ஆட்சியையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற ஏற்பாடு. ரங்காசார்லு அவசரப்படுத்திய பெங்களூர்-மைசூர் ரயில் பாதையும் 1882ல் முடிந்தது. வடக்கு, கிழக்குத் தாலுகாக்காரர்களுக்கு மாட்டுவண்டிப் பயணம் அந்த அளவுக்குக் குறைந்தது.

நேற்றுவரை அவர்களுக்கு அரசாங்கம் என்றால் தாசில்தாரும் ஷேக்தாரும்தான். வரி கேட்டு வருவார்கள், கட்ட வேண்டும். கட்டிய வரி எங்கே போனது என்று கேட்கும் பழக்கமே கிடையாது. கேட்கலாம் என்றும் தெரியாது. தலைநகருக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் பாடமே அதுதான்: கட்டிய பணத்துக்குக் கணக்கு உண்டு, அதைச் சொல்ல ஓர் ஆள் உண்டு, அந்த ஆள் பெரிய திவானாகவே இருந்தாலும் வருஷம் ஒரு தடவை நம் முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். தன் ஊர்க் குறை தனக்கு மட்டும் உள்ளது இல்லை என்பது. ஏரி உடைந்து கிடக்கிறது, காட்டில் மாடு மேய்க்க விடவில்லை, தீர்வை கூடிவிட்டது என்று ஒரு மூலையில் இருந்தவர் புலம்பிக்கொண்டிருந்திருப்பார். சபைக்கு வந்தால் இன்னொரு மூலையிலிருந்து வந்தவரும் அதையே சொல்கிறார். தனித்தனிப் புலம்பல் பொதுக் கோரிக்கையாக மாறுவது அந்த இடத்தில்தான். அரசியலின் அரிச்சுவடியே இதுதானே?

மூன்றாவது, கேட்கும் முறை. எழுத்தில் கொடுக்க வேண்டும், தாலுகாவாரியாக வரிசைப்படுத்த வேண்டும், பதில் பதிவாகும், அச்சாகும். அடுத்த வருஷம் அதே ஆள் வந்து "போன வருஷம் பார்க்கிறேன்னு சொன்னீங்களே?" என்று கேட்க முடியும். கிளை ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பழைய ஆய்வு அறிக்கையைத்தான் எடுப்பார். அதற்குள்ள பலம் பதிவில் இருக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அந்தப் பலம் கிடையாது.

கேட்கலாம், தீர்மானிக்க முடியாது

இதை வைத்து மைசூர் பெரிய ஜனநாயக சொர்க்கமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சபைக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஓட்டெடுப்பு இல்லை, சட்டம் போட முடியாது, பட்ஜெட்டில் ஒரு ரூபாயைக் குறைக்க முடியாது. திவான் கேட்டுக்கொள்வார், பதில் சொல்வார், தன் இஷ்டப்படி செய்வார்.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதமும் அப்படித்தான். முதலில் உள்ளூர் நிதி வாரியங்கள் மூலம் நியமனம். 1891லிருந்துதான் தேர்தல், அதுவும் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும். கூலிக்காரருக்கு இடமில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு வாசலே திறக்கவில்லை. பெண்களுக்கு 1923 வரை ஓட்டில்லை. நம்ம சென்னை மாகாணத்தில் 1921லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது.

ரங்காசார்லு இரண்டே இரண்டு கூட்டங்களைத்தான் நடத்தினார். 1883 ஜனவரியில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த கே. சேஷாத்ரி ஐயர் 1901 வரை 18 வருஷம் திவான். பாலக்காட்டுக்காரர், இரும்புப் பிடி. சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1902ல் மின்சாரம் போனது அவர் போட்ட திட்டத்தில்தான். சபையைத் தொடர்ந்து கூட்டினார், தேர்தலும் அவர் காலத்தில்தான் வந்தது. அதிகாரத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று. கேள்வி கேட்கப் பழகிய வாய் சும்மா இருக்காது. இதற்கு நல்ல உதாரணம் எம். வெங்கடகிருஷ்ணய்யா. மைசூர்க்காரர்கள் 'தாதய்யா' என்பார்கள். 1844ல் பிறந்து 1933 வரை வாழ்ந்தவர். மரிமல்லப்பா உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். பகலில் வாத்தியார், மற்ற நேரத்தில் பத்திரிகைக்காரர். 'விருத்தாந்த சிந்தாமணி' என்ற பத்திரிகையில் திவான்களைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் விமர்சித்தார். 1908ல் சமஸ்தானம் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடச் சட்டம் கொண்டுவந்தபோது, அந்தக் கடிவாளத்தோடு நடத்த மாட்டேன் என்று பத்திரிகையையே நிறுத்தினார். சபை கொடுத்த இடம் போதவில்லை என்று தெரிந்ததும் ஜனங்கள் வேறு இடங்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

வெளியூர்க்காரர் என்ற சங்கதி

இந்த இடத்தில் நம் குடும்பங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ரங்காசார்லு, சேஷாத்ரி ஐயர், அவர்கள் பின்னால் வந்த உயர் அதிகாரிகள் பலர், எல்லோரும் சென்னை மாகாணத்து ஆட்கள். நல்ல உத்தியோகம் எல்லாம் 'மதராஸ்காரர்' கைக்கே போகிறது என்ற கோபம் இங்கே 1880, 1890களிலேயே கனன்றது. 'மைசூர் மைசூர்க்காரருக்கே' என்ற குரல் அப்போது எழுந்ததுதான். (இன்றைக்குக் கேட்கிற குரல் இல்லை, நூற்றுமுப்பது வருஷப் பழசு!)

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. சொந்த ஊரில் படித்துவிட்டு வேலைக்கு நிற்கும் பையன், வெளியூரிலிருந்து வந்தவர் நேராக மேல் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? நம்ம ஊரில் நடந்தாலும் அதையேதான் நினைப்போம். 1917ல் இங்கே 'பிரஜா மித்ர மண்டலி' தொடங்கி, பிராமணர் அல்லாதாருக்கு அரசு வேலையில் பங்கு கேட்டது. சென்னையில் நீதிக்கட்சி பிறந்த அடுத்த வருஷம். 1918ல் மில்லர் கமிட்டி அமைக்கப்பட்டதும் அதன் விளைவுதான். யார் உட்கார்வது, யார் நிற்பது என்ற கேள்வி அரசியலின் நடுக்கேள்வி. இந்த மண்ணில் அந்தக் கேள்வியின் ஒரு பக்கத்தில் நம் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். இது தெரியாமல் "நமக்கும் இந்த ஊர் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பது வரலாற்றுப்படி தப்பு.

துணைவேந்தர் எழுதிய அரசியல் அறிக்கை

1916 ஜூலை 27ல் மைசூர் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவரை இங்குள்ள மகாராஜா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. சமஸ்தானத்தில் ஏற்பட்ட முதல் பல்கலைக்கழகம் இது.

இதன் துணைவேந்தராக 1921ல் வந்தவர் வங்காளத் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். அடுத்த வருஷம் சமஸ்தான அரசு அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கு ஒரு கமிட்டி போட்டபோது, தலைவராக யாரைப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்தத் துணைவேந்தரைத்தான். சீல் கமிட்டி அறிக்கை 1923ல் வந்தது. அந்த வருஷமே பிரதிநிதி சபைக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. புது வரி போடும் முன் சபையைக் கேட்க வேண்டும், மசோதாக்களின் அடிப்படை நோக்கத்தைச் சபையில் வைக்க வேண்டும், பட்ஜெட் மேல் தீர்மானம் கொண்டுவரலாம். பெண்கள் ஓட்டுப் போடத் தடை நீங்கியதும் அப்போதுதான். கடைசி வார்த்தை மட்டும் அரசாங்கத்திடமே இருந்தது.

அந்த 1920களின் கடைசியில் மகாராஜா கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆர்.கே. நாராயண். சென்னையில் பிறந்தவர், அப்பா மைசூரில் தலைமையாசிரியர். அதாவது நம்மை மாதிரி வேலைக்காக இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம். இன்னொருவர் ராமநகரம் பக்கத்து லக்கப்பனஹள்ளி விவசாயக் குடும்பத்துப் பையன் கெங்கல் ஹனுமந்தய்யா. பட்டம் வாங்கி, புனாவில் சட்டம் படித்து, 1940களில் பிரதிநிதி சபை உறுப்பினராகி, சிறைக்கும் போய், 1952ல் மைசூர் மாநில முதலமைச்சர். பெங்களூரில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் விதான சௌதா, 1956ல் முடிந்தது, அவர் பிடிவாதத்தில் எழும்பிய கட்டடம். அதிகாரம் இல்லாத சபையில் உட்கார்ந்து பழகியவர், அதிகாரம் உள்ள சபைக்கு அவ்வளவு பெரிய வீடு கட்டினார் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

இரண்டு ராமசாமிகள்

இனி 1947. வாஷிங்டனில் அந்த செமஸ்டர் திட்டம் தொடங்கிய அதே வருஷம். அப்போது மைசூர் திவான் சர் ஆர்க்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவர், பெரிய பேச்சாளர், 1946ல் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். 1881க்குப் பிந்தைய மைசூரின் முதல் திவான் செங்கல்பட்டிலிருந்து வந்தவர். கடைசித் திவானும் நம் தமிழர்தான்.

ஆகஸ்டில் மைசூர் இந்திய யூனியனில் சேர்ந்துவிட்டது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபையிடம் பொறுப்பை ஒப்படைப்பது இழுத்துக்கொண்டே போனது. கே.சி. ரெட்டி தலைமையில் மைசூர் காங்கிரஸ் செப்டம்பர் 1ல் போராட்டம் அறிவித்தது. 'மைசூர் சலோ' என்றார்கள். அரண்மனை முன்னால் சத்தியாகிரகம். தலைவர்கள் கைதானார்கள். கல்லூரி, பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பெங்களூர் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். தெருவெல்லாம் கேட்ட கோஷம், "ஆர்க்காட் பாய்காட்!"

யோசித்துப் பாருங்கள். ஒரு தமிழ் ஊரின் பெயர் கன்னட ஊர்த் தெருக்களில் எதிர்ப்புக் கோஷமாகிவிட்டது. ஆனால் அந்த எதிர்ப்பு பாஷை மேல் இல்லை, நாற்காலி மேல். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு திவான் நாற்காலி இனி வேண்டாம் என்றார்கள். அதில் கன்னடக்காரர் உட்கார்ந்திருந்தாலும் அந்த செப்டம்பரில் ஏதோ ஒரு கோஷம் எழும்பியிருக்கும்.

அந்த மாதமே மைசூர் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மாணவர் இறந்தார். அவர் பெயரும் ராமசாமி. இன்று நகர பஸ் கண்டக்டர் "ராமசாமி சர்க்கிள்" என்று கூவும்போது இறங்குகிறோமே, அது இந்தப் பையனின் பெயர். நான் வந்த புதிதில் அது யாரோ ஒரு பெரிய மனுஷரின் பெயராக இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். பள்ளிப் பருவம் தாண்டாத பையன் என்று தெரிந்தபின், அங்கே சிக்னலுக்கு நிற்கும்போது மனசு ஒரு நிமிஷம் வேறெங்கோ போய்விடுகிறது.

அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. 25ஆம் தேதி கே.சி. ரெட்டி மந்திரிசபை பதவியேற்றது. 1949ல் பிரதிநிதி சபையும் முடிவுக்கு வந்தது. 68 வருஷம். அந்த வகுப்பு மூடப்பட்டதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். படித்தவர்கள் பாஸாகிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, நமக்கு என்ன?

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் ஒரே ஒரு விஷயம்தான். அரசியல் என்பது முதலில் கட்சியும் கொடியும் இல்லை. கணக்குக் கேட்கப் பழகுவது. அதிகாரமே இல்லாத ஒரு சபையில்கூட அதைப் பழகிக்கொள்ள முடிந்தது. பழகியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறகு அதிகாரத்தையே கேட்டு வாங்கினார்கள். பழகாதவர் கையில் ஓட்டைக் கொடுத்தாலும் அது தேர்தலுக்கு ஒரு நாள் உதவும், அவ்வளவே.

நம் நிலைமையைப் பாருங்கள். வங்கி, ரயில்வே, மென்பொருள், எதில் இருந்தாலும் பத்துப் பதினைந்து வருஷமாக இந்த மாநகராட்சிக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி கட்டுகிறோம். ஓட்டு மட்டும் தென்காசியிலோ தஞ்சாவூரிலோ தூங்குகிறது. தேர்தல் அன்று ஊருக்குப் போனால் போட்டோம், இல்லாவிட்டால் இல்லை. சாக்கடை அடைத்தால் புலம்பல் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவோடு சரி. 1881ல் தாலுகா மூலையில் தனியாகப் புலம்பிய அந்த விவசாயியும் நாமும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். அவருக்காவது தசராவுக்கு ஒரு தடவை கேட்க இடம் கிடைத்தது. நமக்கு வருஷம் முழுக்க இடம் இருந்தும் போவதில்லை.

பயம் என்று சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. 1991ஐ வாழ்ந்தவர்களிடம் போய் தைரியம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். வார்டு கூட்டத்தில் பக்கத்து வீட்டு கௌடருடன் சேர்ந்து தெருவிளக்குக்கு மனுக் கொடுத்த தமிழரை அந்தத் தெரு வெளியாளாகப் பார்ப்பது கஷ்டம். ஒதுங்கியே இருப்பவரை வெளியாள் என்று சொல்வது சுலபம். ஒதுங்கி இருப்பது பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு தூரம் சரி என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கன்னடம் கற்றுக்கொள்வதும் இதில் சேர்த்திதான். மனு எழுதும் அளவுக்காவது.

பட்டிமன்றத் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். டெல்லிக்குப் போகட்டும், ஆனால் அதற்கு முன்னால் விடுமுறையில் எங்கள் வார்டு விஷயம் ஒன்றை எடுத்து மாநகராட்சி அலுவலகத்தில் அது மேஜை மேஜையாக எப்படி நகர்கிறது என்று எழுதிக் கொண்டு வர வேண்டும் என்றேன். மழைநீர் வடிகாலை எடுத்துக்கொண்டிருக்கிறாள். மூணு தடவை போய் வந்தாயிற்று, நோட்டில் பதினொரு பக்கம். எதிரணித் தலைவி இப்போது தினமும் சாயங்காலம் "இன்னிக்கு யாரைப் பார்த்தே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக நடைமுறைக்கு உதவும் சில தகவல்கள். குடியிருக்கும் முகவரிக்கு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் இப்போது படிவம் 8. இணையத்திலேயே போடலாம். பதினெட்டு நிறைந்து முதல் தடவையாகப் பதிவு செய்யும் பிள்ளைகளுக்குப் படிவம் 6. விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் வீட்டு முகவரியிலோ, படிக்கும் ஊரிலோ, ஏதாவது ஓர் இடத்தில் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டிலும் கூடாது.

தசராவுக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அரண்மனை விளக்கையும் ஜம்பூ சவாரியையும் காட்டுவோம். இந்தத் தடவை கூடவே ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். 1884ல் அடிக்கல் நாட்டிய ரங்காசார்லு நினைவு மண்டபம், இப்போது எல்லோரும் டவுன் ஹால் என்கிறார்கள். 1907ல் சட்ட மேலவை முதன்முதலில் கூடிய ஜகன்மோகன் அரண்மனை. பிறகு ராமசாமி சர்க்கிள். மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்குச் சொல்லச் சபை வைத்தவர், அந்தச் சபையின் அடுத்த படி, அது போதாது என்று தெருவுக்கு வந்த பையன், மூன்று பேரின் கதையும் அந்த வழியில்தான் இருக்கிறது.